அரபு நாடுகளும் கோக்கா கோலாவும்: ஒரு வணிக வரலாறு தரும் படிப்பினை

மன்னர்களின் படையெடுப்புகளையும் ஆட்சி மாற்றங்களையும் ஆண்டுவாரியாக எழுதி வைத்த வரலாற்றாசிரியர்கள், மக்கள் எதை உண்டனர், எதை அருந்தினர் என்பதைப் பெரும்பாலும் எழுதாமலேயே சென்றுவிட்டனர். ஆயினும், ஒரு சமுதாயம் தன்னை எப்படி நடத்திக்கொண்டது என்பதை அறிய அதன் உணவு விரிப்பைப் போன்ற நல்ல சான்று வேறில்லை. ஒரு பானம் ஓர் ஊருக்குள் நுழையும்போது அது தாகத்தைத் தீர்ப்பதற்கான நீராக மட்டும் நுழைவதில்லை. அதைக் கொண்டு வந்தவர் யார், அது ஆகுமானதா, அதை எந்த வேளையில் யாருடன் அருந்துவது, அதற்குத் தரும் காசு எங்கே போய்ச் சேர்கிறது எனும் வினாக்களும் அதனுடன் நுழைகின்றன. இவ்வினாக்களுக்கு மனம் ஒப்பும் விடை கிடைக்காத பானம், எத்துணைச் சுவையுடையதாயினும் அந்நிய மண்ணில் வேரூன்றுவதில்லை.

இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று, உலகின் மிகப் புகழ்பெற்ற குளிர்பானமான கோக்கா கோலா அரபு நாடுகளில் அடைந்த வீழ்ச்சி. 1968 முதல் 1991 வரை ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் பெரும்பாலான அரபுச் சந்தைகளின் கதவுகள் அதற்கு அடைபட்டிருந்தன. இது குறித்து நம் மக்களிடையே பல செய்திகள் உலவுகின்றன. அவற்றுள் சில உண்மை, பல வதந்தி. இரண்டையும் பிரித்தறிந்து, இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய படிப்பினை யாதென இக்கட்டுரையில் காண்போம்.

முன்னோடி: காப்பிக்கு நேர்ந்த சோதனை

அரபு மண்ணில் ஒரு பானம் விசாரணைக்குள்ளானது இருபதாம் நூற்றாண்டில்தான் என்றெண்ணுவது சரியன்று. கி.பி. 1511-ஆம் ஆண்டு (ஹிஜ்ரி 917) புனித மக்காவில் காப்பி விசாரணைக்குட்பட்டது. யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் மேலிடாதிருக்க அருந்தி வந்த பானம் அது. அங்கிருந்து ஹிஜாஸுக்கும் பின்னர் கெய்ரோவுக்கும் பரவியது. மம்லூக் ஆட்சியின் சார்பில் மக்காவில் பொறுப்பு வகித்த காயிர் பேக் என்பார், மக்கள் இரவில் கூடி இதனைக் கோப்பை கோப்பையாகப் பகிர்ந்து அருந்துவதைக் கண்டு ஐயுற்றார். உலமாக்களையும் மருத்துவர்களையும் கூட்டி ஆலோசித்து அதற்குத் தடை விதித்தார். 'கஹ்வா' எனும் சொல் பழங்காலத்தில் மதுவுக்கும் வழங்கப்பட்டதாகையால் ஐயத்துக்குப் பெயரும் ஒரு காரணமாயிற்று.

ஆனால் கெய்ரோவிலிருந்து வந்த ஆணை, அருந்துவோர் நடத்தும் வேண்டாத கூட்டங்களைக் கண்டித்ததேயன்றி, பானத்தையே விலக்கவில்லை. தடை நீடிக்கவில்லை. சில பத்தாண்டுகளுக்குப் பின் அப்துல் காதிர் அல்ஜஸீரி எனும் அறிஞர் காப்பி ஆகுமானதே என நிறுவி அரபியில் தனி நூலே எழுதினார். காப்பி நிலைபெற்றது. ஏன்? அது வணக்கசாலிகளின் இரவில் தனக்கென ஓரிடத்தை முன்னரே பெற்றுவிட்டிருந்தது. வாழ்வில் இடம் பெற்ற பானத்தை ஆணையால் அகற்றுதல் அரிது. இக்கருத்தை மனத்திற்கொண்டு நாம் மேலே செல்வோம்.

படையோடு வந்த பானம்

கோக்கா கோலா 1886-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜான் பெம்பர்ட்டன் எனும் மருந்தாளரால் உருவாக்கப்பட்டது. அதன் போட்டியாளரான பெப்சி, வட கரோலினாவின் நியூ பெர்ன் ஊரில் காலெப் பிராதம் எனும் மருந்துக் கடைக்காரரால் 1893-இல் தயாரிக்கப்பட்டு, 1898-இல் இன்றைய பெயரைப் பெற்றது. இரண்டும் மருந்துக் கடையில் பிறந்தவை. நிறத்திலும் சுவையிலும் ஒன்றையொன்று ஒத்தவை. இவ்வொற்றுமையை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இரண்டாம் உலகப்போரின்போது, அமெரிக்க வீரர் எங்கிருந்தாலும் ஐந்து சென்ட் விலையில் ஒரு பாட்டில் கிடைக்க வேண்டும் என அந்நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் உட்ரஃப் முடிவு செய்தார். 1943-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்த தளபதி ஐசனோவரின் தலைமையகம், பத்து ஆலைகளுக்கான கருவிகளையும் முப்பது லட்சம் பாட்டில்களையும் கேட்டுத் தந்தி அனுப்பியது. அவ்வகையில் முதல் ஆலை அல்ஜீரியாவில் அமைந்தது. ஆக, முஸ்லிம்கள் வாழும் நாடொன்றில் இப்பானம் போர்ப்படையின் பின்னால் வந்து சேர்ந்தது. போர் முடிந்தபின் எகிப்து முதலிய நாடுகளில் உள்ளூர் முதலாளிகள் உரிமம் பெற்று ஆலைகள் நடத்தினர். அமெரிக்காவிலிருந்து அடர்சாறு வரும். நீர், சர்க்கரை, பாட்டில், லாரி, தொழிலாளர் யாவும் உள்ளூரைச் சேர்ந்தவை. இம்முறையால் அந்நியப் பானம் உள்ளூர்ப் பானம்போல் ஆயிற்று.

ஹராம் எனும் வதந்தி

இக்காலத்திலேயே எகிப்தில் ஒரு வதந்தி எழுந்தது. இப்பானங்களில் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படும் 'பெப்சின்' எனும் பொருள் கலந்துள்ளது என்பதே அது. பெப்சியின் பெயர் இவ்வையத்தை வலுப்படுத்தியது. உண்மையில் அப்பெயர் செரியாமை நோயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுடன் தொடர்புடையது; பானம் செரிமானத்துக்கு உதவும் எனும் விளம்பர நோக்கில் சூட்டப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் எகிப்தின் ஃபத்வா அலுவலகத்தின் முன் இவ்வினா வைக்கப்பட்டது. அங்கிருந்த அறிஞர்கள் செவிவழிச் செய்தியை வைத்துத் தீர்ப்பளிக்கவில்லை. அரசு ஆய்வுக்கூடத்தின் பகுப்பாய்வு அறிக்கையைப் பெற்று, தடுக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லையெனக் கண்டபின், இப்பானங்கள் ஆகுமானவையே எனத் தெரிவித்தனர். பொருள்களில் மூலநிலை ஆகுமாக இருப்பதே, விலக்கப்பட்டது என்போரே சான்று தரவேண்டும் எனும் ஃபிக்ஹு விதியின்படி அமைந்த தீர்ப்பு அது.

அரை நூற்றாண்டுக்குப் பின் மற்றொரு வதந்தி பிறந்தது. கோக்கா கோலாவின் எழுத்து வடிவத்தைக் கண்ணாடியில் பார்த்தால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் மக்காவையும் மறுக்கும் அரபு வாசகம் தெரிவதாகக் கூறப்பட்டது. அந்த எழுத்து வடிவத்தை எழுதியவர் பெம்பர்ட்டனின் கணக்கரான ஃபிராங்க் ராபின்சன். அக்காலத்து அமெரிக்க வணிகக் கடிதங்களில் வழங்கிய சாய்வெழுத்து அது. அரபெழுத்தைப் பயிற்றுவிக்கும் நாம் கூறக்கூடியது இவ்வளவே: எழுத்துகளை இடவலமாகப் புரட்டி, வளைவுகளுக்கு மனம்போனவாறு உருவம் கொடுத்தாலன்றி அப்படிப் படிக்க இயலாது. 2000-ஆம் ஆண்டு எகிப்தின் தலைமை முஃப்தி ஷெய்கு நஸ்ர் ஃபரீத் வாஸில் இதனை ஆராய்ந்து, அவ்வெழுத்தில் இஸ்லாத்துக்கு இழுக்கு ஏதுமில்லை என அறிவித்தார். பெப்சி என்பதன் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றும் இஸ்ரேலைக் காக்கக் காசு கொடுக்குமாறு கூறும் ஒரு வாக்கியத்தின் முதலெழுத்துகள் என்பதும் இத்தகையதே. அப்பெயர் 1898-இல் சூட்டப்பட்டது. இஸ்ரேல் உருவானதோ 1948-இல்.

எனவே, கோக்கா கோலா அரபு நாடுகளில் வீழ்ந்தது அது ஹராம் என்பதால் அன்று. வதந்திகள் இரண்டு பானங்களையும் சமமாகவே தாக்கின; ஆனால் வீழ்ந்தது ஒன்று மட்டுமே. சுவையும் காரணமாகாது; ஒன்றையொன்று ஒத்த இரண்டில் மற்றொன்று வென்றதே! காரணம் வேறிடத்தில் உள்ளது.

இரு புறக்கணிப்புகளுக்கிடையில்

அரபு லீக் 1945 மார்ச்சில் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பரில், ஃபலஸ்தீனில் சியோனிஸ்டுகள் தயாரிக்கும் பொருள்களைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. 1951-இல் இதற்கான தலைமை அலுவலகம் திமிஷ்க் எனும் டமஸ்கஸ் நகரில் நிறுவப்பட்டது. புறக்கணிப்பு மூன்று படிநிலைகளாக வளர்ந்தது. முதலாவது, இஸ்ரேலியப் பொருள்களை வாங்காமை. இரண்டாவது, இஸ்ரேலில் முதலீடு செய்து அதன் பொருளாதாரத்துக்கு வலுவூட்டும் பிறநாட்டு நிறுவனங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தல். மூன்றாவது, அப்பட்டியலில் உள்ள நிறுவனங்களோடு தொழில் செய்வோரையும் தவிர்த்தல்.

கோக்கா கோலா அரபு நாடுகளில் நன்கு விற்பனையாகிக் கொண்டிருந்தது. இஸ்ரேலில் அதற்கு ஆலை இல்லை. அந்நாட்டின் டெம்போ எனும் நிறுவனம் உரிமம் கேட்டும் கிடைக்கவில்லை. 1966 ஏப்ரலில் அமெரிக்காவின் யூத அமைப்பொன்று, அரபுப் புறக்கணிப்புக்கு அஞ்சியே உரிமம் மறுக்கப்படுகிறது எனப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டியது. டெம்போ தன் வணிகக் குறியைப் போலி செய்ததாலேயே மறுத்ததாக நிறுவனம் விளக்கியது, விளக்கம் எடுபடவில்லை. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் கோக்கா கோலா நிறுத்தப்பட்டது. சில நாட்களிலேயே, நியூயார்க் வங்கியாளர் ஆபிரகாம் ஃபைன்பெர்குக்கு இஸ்ரேலிய உரிமம் அளிக்கப்படுமென நிறுவனம் அறிவித்தது.

அதே ஆண்டு நவம்பரில் குவைத்தில் கூடிய அரபுப் புறக்கணிப்பு மாநாடு, ஃபோர்டு முதலிய நிறுவனங்களோடு கோக்கா கோலாவையும் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 1968-இல் டெல் அவீவை அடுத்த பினெய் பிராக்கில் ஆலை இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே அரபுத் தடையும் நடைமுறைக்கு வந்தது.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்நிறுவனம் புறக்கணிப்பை நாடிச் செல்லவில்லை, தவிர்க்கவும் இயலவில்லை. அதன் முன்னே இரு புறக்கணிப்புகள் இருந்தன: ஒன்று தாய்நாட்டில், மற்றொன்று அயல்நாட்டில். அது தாய்நாட்டுச் சந்தையைக் காத்துக்கொண்டு அயல்நாட்டுச் சந்தையை இழந்தது. எந்நாட்டிலும் விற்கும் பானம் எந்நாட்டையும் சாராதது என விளம்பரம் சொல்லலாம். நெருக்கடி நேரும்போது அதற்கும் ஒரு தாய்நாடு இருப்பது வெளிப்பட்டுவிடுகிறது.

வெற்றிடத்தில் அமர்ந்தவர்

கோக்கா கோலா வெளியேறிய இடத்தில் பெப்சி அமர்ந்தது. அது இஸ்ரேலில் நுழையவில்லை. அங்குள்ள சந்தை சிறியது என்பது அந்நிறுவனம் கூறிய காரணம்; அரபுச் சந்தையை இழக்க விரும்பவில்லை என்பது பிறர் கூறியது. வளைகுடா நாடுகளில் செல்வாக்குமிக்க வணிகக் குடும்பங்கள் அதன் உரிமம் பெற்றன. ரியாத்தில் அல்ஜுமைஹ் குடும்பத்தாரின் ஆலைகளும், 1950களின் இறுதியில் தொடங்கப்பட்ட துபாய் ரிஃப்ரெஷ்மென்ட் நிறுவனமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. எண்ணெய் வளத்தால் சாலைகளும் கடைகளும் குளிர்பெட்டிகளும் பெருகிய அதே காலத்தில் சவூதி அரேபியாவின் ஒவ்வொரு மூலையிலும் பெப்சி கிடைத்தது. ஒரு தலைமுறையே அதன் சுவையோடு வளர்ந்தது.

அரபு மொழியும் இதற்குச் சாட்சி கூறுகிறது. 'பா' எனும் அரபெழுத்து அதிர்ந்தொலிக்கும் ஓசையையே குறிக்கும். பெப்சியின் முதலோசை அம்மொழியில் இல்லை. தமிழில் இரண்டையும் நாம் ஒரே எழுத்தால் எழுதுகிறோம். அரபியர் தம் 'பா'வைக் கொண்டே அதனை எழுதி, உச்சரித்து, தமதாக்கிக் கொண்டனர். வளைகுடாவில் எந்தக் குளிர்பானத்தையும் 'பெப்சி' என்று கேட்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு வணிகப் பெயர் பொதுச்சொல்லாகும்போது அதை வெல்வது மிகக் கடினம்.

கோக்கா கோலா சும்மா இருந்துவிடவில்லை. 1970-இல், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவிகள் செய்யும் அக்வா கெம் எனும் நிறுவனத்தை வாங்கியது. எகிப்தின் பாலை நிலத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் அமைக்க அன்வர் சாதாத்தின் அரசோடு உடன்பாடு கண்டது. நீரும் கனியும் கொடுத்து நல்லெண்ணம் பெறும் முயற்சி இது. எகிப்து இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்துகொண்ட 1979-இல் அந்நாட்டின் கதவு அதற்குத் திறந்தது. பிற அரபு நாடுகளின் பட்டியலிலிருந்து அதன் பெயர் 1991-இல் நீக்கப்பட்டது.

ஆனால் கதவு திறந்தவுடன் வீடு கிடைத்துவிடவில்லை. சவூதிச் சந்தையில் அது பல்லாண்டுகள் இரண்டாமிடத்திலேயே நின்றது. உலகின் பல நாடுகளில் முதலிடம் வகித்த பெயர், இங்கே பழக்கத்தை மாற்றவேண்டிய புதியவனாக வந்து நின்றது. தடை இருபத்து மூன்றாண்டுகளில் முடிந்தது. தடையின் விளைவு முடியவில்லை. ஒரு பானத்தின் தோல்விக்கு வெறுப்பு மட்டுமே காரணமாவதில்லை. இல்லாமை அதனினும் வலியது. வெறுப்பு தணிந்துவிடும், இல்லாதிருந்த காலத்தில் பிறருடையதாகிவிட்ட பழக்கம் எளிதில் திரும்பாது.

இந்தியாவோடு ஓர் ஒப்பீடு

ஏறத்தாழ இதே காலத்தில் நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி நடந்தது. 1973-இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டியிருந்தது. ஜனதா ஆட்சியில் தொழில் அமைச்சராயிருந்த ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் இதை வலியுறுத்தவே, தன் தயாரிப்பு இரகசியத்தைப் பகிர விரும்பாத கோக்கா கோலா 1977-இல் வெளியேறியது. அவ்வாண்டே பார்லே நிறுவனம் 'தம்ஸ் அப்' பானத்தை வெளியிட்டது. 1993-இல் திரும்பி வந்த கோக்கா கோலா, அதனை வெல்ல முடியாமல் விலைக்கு வாங்கிக் கொண்டது. இன்றும் அப்பெயர் அழியவில்லை.

இரண்டு நாடகங்களும் ஒன்றுபோல் தோன்றினாலும் முடிவு வேறு. இந்தியாவில் வெற்றிடத்தை உள்ளூர்ப் பானம் நிரப்பியது. அரபு நாடுகளில் மற்றோர் அமெரிக்கப் பானம் நிரப்பியது. இந்தியச் சட்டம் எல்லா அந்நிய நிறுவனங்களுக்கும் பொதுவானது. அரபுப் பட்டியலோ பெயர் குறிப்பிட்டு நிறுவனங்களை விலக்கியது. பட்டியலில் இல்லாத அமெரிக்கருக்கு அது தடையாகாது வாய்ப்பாகவே அமைந்தது. ஒரு வாசலை அடைத்தவர்கள் தம் வீட்டுக்குள்ளேயே ஓர் ஊற்றைத் தோண்ட அப்போது முனையவில்லை என்பதே இதன் பொருள்.

புறக்கணிப்பு வென்றதா?

அப்படியானால் அரபுப் புறக்கணிப்பு வீணாயிற்றா? அவ்வாறு அவசரப்பட்டு முடிவு செய்தல் நீதியன்று. கோக்கா கோலா இஸ்ரேலைவிட்டு வெளியேறவில்லை. அவ்வகையில் நோக்கம் நிறைவேறவில்லை. ஆனால் அதன் கதியைக் கண்ட பிறர் அஞ்சினர். பெப்சி 1992 வரை இஸ்ரேலில் நுழையவில்லை. நெடுங்காலம் ஜப்பானியக் கார் நிறுவனங்களுள் சுபாரு மட்டுமே அங்கு விற்றது. டொயோட்டா 1991-இலும் மெக்டொனால்ட்ஸ் 1993-இலுமே சென்றன. புறக்கணிப்பின் வலிமை பட்டியலில் இடம்பெற்றவர்களிடம் காணப்படவில்லை. பட்டியலுக்கு அஞ்சியவர்களிடமே காணப்பட்டது. அதனாற்றான் அமெரிக்கா 1977-இல், தன் நிறுவனங்கள் இப்புறக்கணிப்புக்கு ஒத்துழைப்பதைத் தடுக்கச் சட்டமியற்றியது.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. 1992-இல் பெப்சி இஸ்ரேலில் நுழைந்தபோது அதற்கு உரிமதாரராக அமைந்தது, முன்பு கோக்கா கோலா உரிமம் மறுத்த அதே டெம்போ நிறுவனம். 2018-இல் பெப்சிகோ இஸ்ரேலின் சோடாஸ்ட்ரீம் நிறுவனத்தை 320 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டது. ஒரு காலத்தில் 'நல்லவர்' எனக் கருதி நாம் ஏற்றுக்கொண்டவர், கொள்கையால் விலகி நின்றவர் அல்லர். கணக்கால் விலகி நின்றவர். கணக்கு மாறியதும் அவரும் மாறினார்.

பெயரால் மட்டும் பானம் நிலைக்காது

2000-இல் தொடங்கிய இரண்டாம் இன்திஃபாழாவின்போது புறக்கணிப்பு உணர்வு மீண்டும் எழுந்தது. இம்முறை அரசுகளைவிட மக்களே முன்னின்றனர். துனீசியாவில் பிறந்த தவ்ஃபீக் மஸ்லூத்தி 2002-இல் ஃபிரான்சில் 'மக்கா கோலா'வை வெளியிட்டு, இலாபத்தில் பத்து விழுக்காட்டை ஃபலஸ்தீனச் சிறாருக்கு அளிப்பதாக அறிவித்தார். 2003-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் 'கிப்லா கோலா' தோன்றியது. ஈரானின் 'ஸம்ஸம்' அதே காலத்தில் சவூதி முதலிய அரபு நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று.

இவற்றுள் கிப்லா கோலா நிறுவனம் 2005-இல் கடன் நெருக்கடியில் வீழ்ந்தது. மக்கா கோலா தொடக்கத்தில் பெரும் ஆர்வத்தை எழுப்பியும் உலகப் பெருநிறுவனங்களின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஸம்ஸமோ தன் நாட்டில் வேரூன்றி நின்றது. வேறுபாடு எங்கே? ஸம்ஸம் 1954-இல் பெப்சியின் ஈரானியக் கிளையாகத் தொடங்கி, 1979 புரட்சிக்குப் பின் தேசியமயமான நிறுவனம். அதற்கு ஆலைகளும் தொழிலாளரும் பாட்டில்களும் கடைகளும் முன்னரே இருந்தன. மற்ற இரண்டுக்கும் உணர்ச்சியே மூலதனம். உணர்ச்சி முதல் பாட்டிலை விற்கும். நூறாவது பாட்டிலை விற்பது லாரியும் விலையும் தரமுமே. புனிதத் தலங்களின் பெயரைக் காலிப் பாட்டில்களாகக் குப்பையில் எறியும் பொருளுக்குச் சூட்டுவது முறையா எனும் வினாவும் நம் சிந்தனைக்குரியது.

நோன்பு திறக்கும் வேளையில் ஓர் ஆங்கிலப் பானம்

இவற்றுக்கெல்லாம் மாறான ஒரு வெற்றியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1908-இல் மான்செஸ்டர் நகரில் ஜான் நோயல் நிக்கல்ஸ் என்பார் திராட்சை, ராஸ்பெரி, கருந்திராட்சை வகைகளோடு மூலிகைகளும் சேர்த்து ஒரு சத்துப் பானம் தயாரித்தார். மதுவிலக்கு இயக்கம் இங்கிலாந்தில் ஓங்கியிருந்த காலம் அது. அதுவே 'விம்டோ'. 1920களின் இறுதியில் அவ்ஜான் எனும் வணிகக் குடும்பத்தார் இதனை வளைகுடாவுக்குக் கொண்டு வந்தனர். 1979-இல் தம்மாமில் அவர்களது ஆலை தோன்றியது. வளைகுடாவில் பணியாற்றிய நம்மவர் பலரும் அறிவர்: ரமளான் வந்துவிட்டால் பேரீச்சம்பழத்துக்கு அருகில் இச்சிவப்புப் பானம் இல்லாத விரிப்பு அரிது.

ஆங்கிலேயர் ஆண்ட மண்ணில் ஆங்கிலப் பானம் எவ்வாறு இத்தகைய அன்பைப் பெற்றது? பகல் முழுதும் பசித்திருந்தவருக்கு இனிப்பும் நீரும் உடனே தேவை. அடர்சாறாக வருவதால் ஒரு பாட்டிலை நீரில் கலந்து குடும்பமும் விருந்தினரும் பகிரலாம். கொண்டு வந்தவர் உள்ளூர் வணிகர். மதுவை விலக்கியோரின் பானம் எனும் அதன் பிறப்பும் நமக்கு ஒவ்வாததன்று. யமன் சூஃபிகளின் இரவில் காப்பி பெற்ற இடத்தை, ரமளானின் மாலையில் விம்டோ பெற்றது. பின்னர் 2011-இல் அவ்ஜான் குழுமத்தின் குளிர்பானத் தொழிலில் ஏறத்தாழப் பாதிப் பங்கை 98 கோடி டாலருக்கு வாங்குவதாகக் கோக்கா கோலாவே அறிவித்தது. தனியாக வெல்லவியலாத மண்ணில் உள்ளூர்க் கையைப் பற்றிக்கொள்ள நேர்ந்ததற்கு இதுவே சான்று.

இன்றைய நிலை

2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் நிகழ்ந்த பேரழிவு, இவ்வரலாற்றை மீண்டும் நம்முன் நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் துருக்கி நாடாளுமன்றம் தன் உணவகங்களிலிருந்து கோக்கா கோலாவை அகற்றியது. எகிப்து, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளில் உள்ளூர்ப் பானங்கள் முன்னேறின. 2024 ஜூனில் வங்கதேசத்தில் வெளியான ஒரு விளம்பரம், கோக்கா கோலாவுக்கு ஃபலஸ்தீனிலும் ஆலை உண்டு எனக் கூறி மக்களை அமைதிப்படுத்த முயன்று, கண்டனத்தையே அதிகமாக்கிக் கொண்டது. ஃபலஸ்தீனில் ஆலை இருப்பது உண்மை. அங்கு 1998 முதல் ஃபலஸ்தீனரின் நிறுவனமே அதனைத் தயாரிக்கிறது. ஆயினும் துயருற்றோரிடம் கணக்குக் காட்டி வாதாடுவது ஆறுதலாகாது என்பதை விளம்பரம் எழுதியோர் உணரவில்லை. மறுபுறம், மேற்குக் கரையின் சல்ஃபீத் நகரில் ஃபலஸ்தீனர் தாமே தயாரிக்கும் 'சாட் கோலா' மக்களின் ஆதரவைப் பெற்றது. ஊற்றைத் தோண்டும் வேலை அங்கே தொடங்கிவிட்டது.

அரபுக் கல்லூரி மாணவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்பதுண்டு: இன்ன பானம் ஆகுமா, ஆகாதா? இவ்வினாவுக்குள் இரண்டு வினாக்கள் உள்ளன. பானத்திலுள்ள பொருள் விலக்கப்பட்டதா என்பது ஒன்று. அதை வாங்குவது அநீதிக்குத் துணையாகுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆய்வுக்கூடம் விடை தரும். இரண்டாவதற்கு வணிகப் பதிவேடும் மனச்சான்றும் விடை தரும். ஒன்றற்குரிய விடையை மற்றொன்றற்குச் சொல்வதாலேயே குழப்பம் பிறக்கிறது. அநீதியை எதிர்க்கும் நல்ல நோக்கத்துக்கு, பன்றிக் கொழுப்பு எனும் பொய்யின் துணை வேண்டியதில்லை. கண்ணாடியில் எழுத்தைப் புரட்டவும் வேண்டியதில்லை. ஒரு பொய் வெளிப்படும் நாளில் அதனோடு சேர்ந்திருந்த உண்மையும் மதிப்பிழக்கும். அப்போது இழப்பு நிறுவனத்துக்கன்று, நீதி கேட்போருக்கே.

ஆகவே, நாம் ஒரு பொருளை வாங்க மறுப்பதாயின் அம்மறுப்பு ஆராய்ந்தறிந்ததாக இருக்கட்டும். யாரை மறுக்கிறோம், எதற்காக மறுக்கிறோம், அவர் இடத்தில் யாரை அமர்த்துகிறோம் எனும் மூன்றையும் தெளிந்து மறுப்போம். 1968-இல் இம்மூன்றாவது வினாவைக் கேட்காது விட்டதன் விலையைத்தான் 2018-இல் பெப்சியின் கணக்குப் புத்தகம் நமக்குக் காட்டியது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.